பட்டம் போன பின்னும் தலைவர்

பெங்களூரில் வாழும் தமிழருள், கப்பன் பூங்காவை அடுத்துள்ள சின்னசாமி அரங்கத்தை அறியாதார் மிகச் சிலரே. அவ்வரங்கத்தில் முதல் டெஸ்டு கிரிக்கெட் ஆட்டம் 1974 நவம்பரில் நடைபெற்றது. மேற்கிந்தியத் தீவினரை எதிர்த்து இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் மன்சூர் அலிகான் பட்டோடி. பிறப்பால் அவர் நவாபு. ஆயினும் 1971-இல் அரசியலமைப்பின் 26-ஆவது திருத்தம் மன்னர்தம் பட்டங்களையும் மானியங்களையும் நீக்கிவிட்டமையால், பெங்களூர்க் களத்தில் அவர் இறங்கியது பட்டமற்ற குடிமகனாகவே. பட்டம் போன பின்னும் தலைமை அவரைத் தேடி வந்தது ஏன்?

ஒரு காலத்தில் நம் நாட்டுக் கிரிக்கெட்டில் அரச குலமே தலைமைக்குத் தகுதியாகக் கருதப்பட்டது. 1932-இல் இங்கிலாந்து சென்ற அணிக்குப் போர்பந்தர் மகாராஜா தலைவர். தம் ஆட்டத்தின் அளவைத் தாமே அறிந்த அவர், லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா ஆடிய முதல் டெஸ்டில் ஒதுங்கி நின்று, சி. கே. நாயுடுவுக்கு வழிவிட்டார். 1936-இல் தலைமை ஏற்ற ஆந்திர நாட்டு விஜயநகரத்து மகாராஜகுமாரரிடம் அந்த அடக்கம் இல்லை. மூன்று டெஸ்டுகளிலும் சேர்த்து அவர் எடுத்தவை 33 ஓட்டங்களே. சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத்தோ, பயணத்தின் நடுவிலேயே தாயகம் திருப்பி அனுப்பப்பட்டார்.

மன்சூர் அலிகான் 1941 ஜனவரி 5-இல் போபாலில் பிறந்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் ஆடிய அவருடைய தந்தையார், மகனின் பதினொன்றாம் பிறந்தநாளன்று போலோ ஆட்டத்தின்போது உயிர் நீத்தார். 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நேர்ந்த மோட்டார் விபத்தொன்றில் மன்சூர் வலக்கண்ணின் பார்வையை இழந்தார். பந்து இரண்டாகத் தெரிந்தது. அந்நிலையிலும் மனந்தளராது பயின்று, ஆறே மாதத்திற்குள் டெஸ்டு களம் புகுந்தார். 1962 ஜனவரியில், தம் மூன்றாவது டெஸ்டில், நம் சென்னையிலே 103 ஓட்டங்கள் குவித்தார். இங்கிலாந்தை இந்தியா முதன்முறையாகத் தொடரில் வென்றது அப்போதுதான். அதே ஆண்டு மார்ச்சில், கான்ட்ராக்டர் தலையில் அடிபட்டு வீழ்ந்தமையால், 21 வயதில் அணித்தலைமை பட்டோடியின் தோளில் விழுந்தது.

வீரர் எந்த மாநிலத்தவர் என்று பாராமல், அவர் திறம் என்ன என்று பார்த்ததே பட்டோடியின் தனிச்சிறப்பு. இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த கையோடு பந்து வீசிய சந்திரசேகரும், சென்னை வேங்கடராகவனும், அமிர்தசரசின் பேடியும் அவர் தலைமையிலேயே டெஸ்டுக்கு அறிமுகமாயினர். பெங்களூர்ப் பிரசன்னாவையும் சேர்த்து, அந்நால்வரையும் 1967-இல் பர்மிங்காமில் ஒருங்கே ஆடச் செய்தவரும் அவரே. மறு ஆண்டு நியூசிலாந்தில் 3-1 என்று வென்று, அயல்மண்ணில் இந்தியாவின் முதல் தொடர் வெற்றியை ஈட்டினார்.

இனி, பெங்களூர் ஆட்டத்தின் முடிவைக் கேளுங்கள். பட்டோடிக்கு விரல் பிசகிற்று. இரண்டாம் இன்னிங்சில் அவர் மட்டை பிடிக்கவே இயலவில்லை. இந்தியா 267 ஓட்டங்களில் தோற்றது. அடுத்து, தில்லியில் வேங்கடராகவன் தலைமை தாங்கினார், அங்கும் தோல்வியே. காயம் ஆறிப் பட்டோடி திரும்பியதும் காட்சி மாறியது. கல்கத்தாவில் விசுவநாத் 139 ஓட்டங்கள் எடுக்க, இந்தியா 85 ஓட்டங்களில் வென்றது. சென்னையில் விசுவநாத் ஆட்டமிழக்காமல் 97 எடுத்தார்; பிரசன்னா ஒன்பது விக்கெட்டுகளை வீழ்த்தினார்; வெற்றி 100 ஓட்டங்களில். 1969-இல் கான்பூரில் தம் முதல் இன்னிங்சில் ஓட்டமே எடுக்காது வீழ்ந்து, அடுத்ததில் 137 எடுத்த இளைஞரே இந்த விசுவநாத். அன்றும் தலைவர் பட்டோடிதான். அவர் நம்பி வளர்த்த கன்னட நாட்டு இளைஞர்கள், தோல்வியில் துவண்ட அணியை நிமிர்த்தி அவருக்குக் கைம்மாறு செய்தார்கள் எனலாம்.

பம்பாயில் இறுதி ஆட்டம் தோல்வியில் முடிய, பட்டோடி டெஸ்டு களத்தினின்று விலகினார். 46 டெஸ்டுகள், அவற்றுள் 40-இல் தலைமை, வெற்றிகள் ஒன்பதே. தோல்விகள் அதனினும் மிகுதி. எனினும், பிற நாட்டாரை வெல்ல இயலும் என்னும் துணிவை அவர் விதைத்தார். 1971-இல் வடேகர் தலைமையில் அது விளைந்தது. 2011 செப்டம்பர் 22-இல் பட்டோடி மறைந்தார்.

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கு இவர் வரலாறு அயலானதன்று. ‘நீ எந்த ஊர்?’ என்ற கேள்வியை நாம் நாள்தோறும் எதிர்கொள்கிறோம். ‘உன்னால் என்ன இயலும்?’ என்று கேட்டு, வாய்ப்பும் தந்த தலைவர் ஒருவர் இருந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நன்று.