உலோகத்தின் மேல் ஒரு தசைப் போர்வை

உங்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்புறத்தில் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படுகிறது அல்லவா? இப்போது கையைப் பின்புறம் கொண்டு செல்லுங்கள். அங்கே கெண்டைக்கால் தசை திரண்டு நிற்கிறது. முன்னே இல்லாத சதை பின்னே தாராளமாக இருக்கிறது. எலும்பில் புற்றுக்கட்டி கண்ட பல இளைஞர்களின் கால் தப்பியது இந்த எளிய உண்மையால்தான்.

ஆஸ்டியோசார்க்கோமா என்னும் எலும்புப் புற்று பெரும்பாலும் வளரும் பருவத்தினரைத் தாக்குவது. முழங்காலை ஒட்டிய எலும்பு முனைகளில்தான் அது மிகுதியாகத் தோன்றுகிறது. 1970கள் வரை அதற்குரிய மருத்துவம், பெரும்பாலும் காலைத் துண்டிப்பதே. கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸுக்கு 1977இல், 18ஆம் வயதில், வலக்காலை முழங்காலுக்கு மேல் துண்டித்தார்கள். 1980இல் அவர் செயற்கைக் காலுடன் 143 நாட்கள் ஓடி, 5,373 கிலோமீட்டர் கடந்து, புற்றுநோய் ஆய்வுக்குப் பணம் திரட்டினார். நோய் நுரையீரலுக்குப் பரவவே ஓட்டம் நின்றது. 1981இல் அவர் இறந்தார்.

காலைக் கொடுத்தும் உயிர் தப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டி கண்டறியப்படும்போதே அதன் உயிரணுக்கள் குருதி வழியாகப் பலருக்கு நுரையீரலை அடைந்திருக்கும். அவற்றைக் கத்தி எட்டாது. மருந்துதான் எட்ட வேண்டும். 1970களில் அத்தகைய மருந்துகள் பயனளிக்கத் தொடங்கியதும், 'அப்படியானால் காலை ஏன் வெட்ட வேண்டும்?' என்ற கேள்வி வலுத்தது. தசைக் கட்டிகளைப் பொறுத்தவரை, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவினர் 1982இல் விடை தந்தனர். 43 நோயாளிகளில் 16 பேருக்கு உறுப்பு துண்டிக்கப்பட்டது. 27 பேருக்குக் கட்டி மட்டும் அகற்றப்பட்டுக் கதிர்வீச்சு தரப்பட்டது. இரண்டாம் பிரிவினரில் நால்வருக்கு அதே இடத்தில் கட்டி மீண்டும் வந்தது உண்மை. ஆனால் உயிர் பிழைப்பதில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

எலும்புக் கட்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. கெட்ட எலும்பை மட்டும் எடுத்தால் போதாது. அதைச் சுற்றியுள்ள நல்ல திசுவையும் ஓர் உறைபோலச் சேர்த்தே எடுக்க வேண்டும். எலும்புக்குப் பதில் உலோகத்தைப் பொருத்தலாம். உலோகத்தை எதால் மூடுவது? தொடைத் தோலைச் சீவி ஒட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். சீவிய தோலுக்குச் சொந்தக் குருதி ஓட்டம் இல்லை. அடியிலுள்ள சதையிலிருந்து குருதி ஊறினால்தான் அது பிழைக்கும். உலோகத்திலிருந்து என்ன ஊறும்? ஆகவே தன் குருதிக்குழாயோடு வரும் திசு வேண்டும். அதைத்தான் 'மடல்' என்கிறார்கள். ('பிளாஸ்டிக் அறுவை' என்ற பெயரைக் கேட்டு வாளி செய்யும் பொருளை நினைத்துவிடாதீர்கள். உருக்கொடுத்தல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.)

இந்த அறிவு புதிதன்று என்பதுதான் வேதனை. இத்தாலியில் இஜினியோ டான்சினி என்பவர், மார்பகப் புற்றை அகற்றிய இடத்தை முதுகுத் தோலைத் திருப்பி மூடிப் பார்த்தார். மடலின் நுனி அழுகியது. காரணம் தேடியபோது, தோலுக்குப் போகும் குருதி அடியிலுள்ள தசையைத் துளைத்துக்கொண்டு வருவது தெரிந்தது. தசையையும் சேர்த்தெடுத்தார், மடல் பிழைத்தது. இதை அவர் வெளியிட்டது 1906இல். ஆனால் அமெரிக்காவின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் இவ்வாறு மடலால் மூடுவதை விரும்பவில்லை. அவர் செல்வாக்கின் முன் டான்சினியின் முறை எடுபடவில்லை. சில ஆண்டுகளில் மறக்கவும்பட்டது. 1960களில் ரால்ஃப் கெர் ஆறாத கால் புண்களைப் பக்கத்துத் தசையால் மூடிக் காட்டினார். முதுகுத் தசை மடல் மீண்டும் வழக்குக்கு வந்ததோ 1970களில்! ஒரு பெரியவரின் விருப்பு வெறுப்புக்கு நோயாளிகள் கொடுத்த விலை சிறிதன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனிக் கெண்டைக்காலுக்கு வருவோம். அதன் உட்புறத் தசைக்குக் குருதி தரும் தமனி, முழங்காலின் பின்புறத்திலிருந்தே நுழைகிறது. ஆகவே தசையின் கீழ்முனையை அறுத்துவிட்டு, மேல்முனையைக் கீல்போல வைத்துக்கொண்டு, அதை முன்புறம் திருப்பி உலோகத்தின் மேல் போர்த்தலாம். தசையின் மேல் சீவிய தோலை ஒட்டினால் அது பிடித்துக்கொள்ளும். எலும்பின் மேல்முனை போனதால் பிடிப்பிழந்த முழங்கால் தசைநாணையும் இதே தசையில் தைத்துவிடுவார்கள். 'அப்படியானால் குதிகாலை எப்படி உயர்த்துவது?' என்று கேட்கிறீர்களா? அதே தசையின் வெளிப்புறப் பாதியும், அடியிலுள்ள இன்னொரு தசையும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

பக்கத்தில் தசை போதாதபோது தொலைவிலிருந்தும் கொண்டுவரலாம். 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் டேனியலும் டெய்லரும், இடுப்பருகிலிருந்து ஒரு மடலை அறவே அறுத்தெடுத்து, உருப்பெருக்கியின் கீழ் அதன் குருதிக்குழாய்களைக் காலில் இணைத்து உயிர்ப்பித்ததை வெளியிட்டனர். அது விபத்தில் புண்பட்ட கால். அந்த வழியே கட்டி மருத்துவத்திற்கும் வந்து சேர்ந்தது.

இவற்றால் விளைந்த பயன் என்ன? இங்கிலாந்தின் பர்மிங்காம் மருத்துவர்கள், முழங்காலுக்குக் கீழ் எலும்புக்குப் பதில் உலோகம் பொருத்திய நோயாளிகளின் கணக்கை 1999இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் 100க்கு 36 பேருக்குச் சீழ் பிடித்தது. கெண்டைக்கால் தசையால் மூடத் தொடங்கிய பின் அது 12 ஆகக் குறைந்தது. சீழ் பிடித்தால் உலோகத்தை வெளியே எடுக்க நேரும். சிலருக்குக் காலையே இழக்க நேரும். புண் ஆறும்வரை புற்றுக்கான மருந்தையும் தள்ளிப்போட வேண்டும். அந்த நாட்களில் நுரையீரலில் ஒளிந்திருக்கும் உயிரணுக்கள் காத்திருப்பதில்லை.