நுண்ணுயிர்ப் பட்டறை – 7: பத்து மடங்கு

பாக்டீரியாவின் உடலிலிருந்து பிரித்தெடுத்த, அஸ்பார்ட்டிக் அமிலம் உண்டாக்கும் அஸ்பார்ட்டேஸ் நொதி சீக்கிரமே செயலிழந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். 1969இல் வேறொரு நொதியை நகரவிடாமல் ஓரிடத்தில் கட்டிப்போட்டுத் தொழிற்சாலையில் ஓட்டிக்காட்டியவர்கள் ஒசாகாவின் தனாபே செய்யாகு மருந்து நிறுவனத்தார். அஸ்பார்ட்டேஸ் மட்டும் அவர்களுக்குப் பிடிகொடுக்கவில்லை.

அந்நிறுவனத்தின் இச்சிரோ சிபாடா, டெட்சுயா டோசா, தடாஷி சாட்டோ மூவரும் வழியை மாற்றினார்கள். நொதியைப் பிரிக்காமல் ஈ.கோலை பாக்டீரியாவையே முழுசாக அக்ரிலமைடு கரைசலில் கலந்து, ஜெல்லாக உறையவைத்தார்கள். ஜெல் ஒரு நுண்ணிய வலை. ஃபியூமரிக் அமிலமும் அம்மோனியாவும் அதன் கண்கள் வழியே உள்ளே போகும். அஸ்பார்ட்டிக் அமிலம் வெளியே வரும். பாக்டீரியா இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய முறையில் ஒவ்வோர் ஈட்டுக்கும் புதிதாக பாக்டீரியா வளர்த்து, வேலை முடிந்ததும் வடித்துக் கொட்ட வேண்டும்.

ஜெல் துண்டுகளை 37 டிகிரியில் அந்த மூலக்கரைசலிலேயே ஓரிரு நாள் ஊறவிட்டு மறுபடி அளந்தார்கள். வேகம் சுமார் பத்து மடங்கு ஏறியிருந்தது!

உள்ளே பாக்டீரியா பெருகிவிட்டதா? இல்லை. அவை தாமாகவே சிதைந்து செத்திருந்தன. உடல் சிதைந்ததும் மூலப்பொருள் நுழையத் தடையேதும் இல்லை. நொதியோ பெரிய மூலக்கூறு. வலைக்கண்ணில் நுழைய முடியாமல் உள்ளேயே தங்கி வேலையைத் தொடர்ந்தது. இந்தத் தொடருக்காகப் படித்ததில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இதுதான். உயிர் போன பிறகே அந்த பாக்டீரியா முழு வேகத்தில் உழைத்திருக்கிறது.

1973இல் ஆலை ஓடத் தொடங்கியது. கட்டிப்போட்ட நுண்ணுயிர்ச் செல்களைக் கொண்டு நடந்த உலகின் முதல் தொழில்முறை உற்பத்தி அது. நொதியின் திறன் பாதியாகக் குறையவே 120 நாட்கள் பிடித்தன. மறு ஆண்டு மாலிக் அமிலமும் இதே வழியில் வந்தது. 1978இல் அக்ரிலமைடை விட்டுவிட்டு, கடற்பாசியிலிருந்து எடுக்கும் காராஜீனனுக்கு மாறினார்கள். நம் மண்டபம் கரையில் பெண்கள் கயிற்றில் கட்டி வளர்க்கிறார்களே, அந்தக் கப்பாஃபைகஸ் பாசி தருவதும் இந்தக் காராஜீனன்தான்.

ஆனால் அக்ரிலமைடின் கதை அத்தோடு முடியவில்லை. 1985இல் நிட்டோ கெமிக்கல் நிறுவனம், கட்டிப்போட்ட பாக்டீரியாவைக் கொண்டு அந்த அக்ரிலமைடையே தயாரிக்க இறங்கியது. அதற்கு ஊட்ட வேண்டிய மூலப்பொருள் அக்ரிலோநைட்ரைல். நொதியையே முடக்கிப்போடும் நஞ்சு. கியோட்டோவில் ஹிடேயாகி யமடாவின் ஆய்வுக்கூடம் தேடியது, அந்த நஞ்சைத் தின்று வேலை செய்யும் ஓர் உயிரை. அது எங்கே ஒளிந்திருந்தது?

(தொடரும்)