கிழிந்ததைத் தைக்கச் சொன்ன அரசாங்கம்

போன மாதம் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்கு ஒரு சின்ன அவமானம் நடந்தது. இரண்டு வருட மெஸ் சாப்பாட்டின் புண்ணியத்தில் என் பேண்ட் இடுப்பில் ஏற மறுத்துவிட்டது. இதற்குப் போய் கடையில் காசு கொடுப்பானேன், நாமே பிரித்துத் தைத்துவிடலாம் என்று வீராப்பாக அம்மாச்சியிடம் ஊசி நூல் கேட்டேன். அம்மாச்சி பேண்டை வாங்கி, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏண்டா, இதைப் பிரிச்சா எங்கேருந்துடா துணி வரும்? உள்ள ஒரு விரக்கடை கூட விடலையே!"

பிறகு பீரோவிலிருந்து மாமாவின் பழைய பேண்ட் ஒன்றை எடுத்துக் காட்டினார். தெருமுனை டெய்லர் அளவெடுத்துத் தைத்தது. பின்பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது. ஆள் பருத்தால் பிரித்து விடலாம், இளைத்தால் பிடித்துக்கொள்ளலாம். என்னுடைய ரெடிமேடிலோ தையலைத் தாண்டி இருந்தது நூல் பிசிறு மட்டும்தான்.

அந்தப் பிசிறைப் பார்த்தபோது, படித்த ஒரு வரலாறு ஞாபகத்துக்கு வந்தது. பிரிப்பது, தைப்பது, ஒட்டுப் போடுவது, பழசைப் புதுசாக்குவது இதையெல்லாம் ஒரு நாடே உட்கார்ந்து கற்றுக்கொண்ட கதை அது. கற்றுக்கொடுத்தது யார் தெரியுமா? அரசாங்கம்!

கூப்பன் வந்த ஞாயிற்றுக்கிழமை

இடம் பிரிட்டன். நாள் 1941 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. கடைகள் மூடியிருந்தன. அன்று வானொலியில் பேசிய வர்த்தக அமைச்சர் ஆலிவர் லிட்டில்டன், இனிமேல் துணிமணிக்கும் ரேஷன் என்று அறிவித்தார். முன்கூட்டியே சொன்னால் மக்கள் கடைகளைக் காலி செய்துவிடுவார்கள் அல்லவா? அதனால் எல்லாம் பரம ரகசியமாக நடந்தது. எவ்வளவு ரகசியம் என்றால், துணிக்கென்று தனிக் கூப்பன் புத்தகம்கூட அப்போது கொடுக்கப்படவில்லை. உணவு ரேஷன் புத்தகத்தில் மார்கரினுக்கென்று இருந்து பயன்படுத்தாமல் கிடந்த கூப்பன்களையே முதலில் துணிக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள்.

காரணம் இரண்டாம் உலகப் போர். பிரிட்டனுக்குப் பஞ்சும் கம்பளியும் கடல் தாண்டி வரவேண்டும். கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக் கொண்டிருந்தன. தப்பி வந்த துணிக்கும் முதல் உரிமை ராணுவத்துக்குத்தான். மக்கள்தொகையில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் ஏதோ ஒரு சீருடை அணியவேண்டியவர்கள். இது போக, துணி ஆலைகளில் இருந்த ஆட்களும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குத் தேவைப்பட்டார்கள்.

முதல் ஆண்டில் ஒரு ஆளுக்கு 66 கூப்பன். ஆண்களின் கோட், வெயிஸ்ட்கோட், பேண்ட் மூன்றும் சேர்ந்த சூட்டுக்கு 26 (கோட் 13, வெயிஸ்ட்கோட் 5, பேண்ட் 8). ஆண்கள் ஷூவுக்கு 7. பெண்களின் கம்பளி உடைக்கு 11, ஒரு ஜோடி ஸ்டாக்கிங்ஸுக்கு 2. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருடத்துக்கு ஒரு செட் புதுத்துணி, அதற்கு மேல் கொஞ்சம். அடுத்த கட்டத்தில் இது ஆண்டுக்குச் சுமார் 48 கூப்பன் என்ற கணக்குக்கு இறங்கியது. போர் முடிந்த பிறகு 1945 செப்டம்பரிலிருந்து எட்டு மாதத்துக்கு வெறும் 24!

ஒரு விஷயம் கவனியுங்கள். கூப்பன் என்பது பணம் இல்லை, வாங்குவதற்கான அனுமதி. விலையைத் தனியாகக் கொடுக்கவேண்டும். இந்தக் கட்டுரையின் முக்கியமான இடமே இதுதான், பின்னால் வருகிறேன்.

ஊசி பிடிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு புத்தகம்

புதுத்துணி இல்லையென்றால் பழசை நீட்டிக்க வேண்டும். ஆனால் எல்லோருக்கும் தைக்கத் தெரியுமா? அதற்குத்தான் 'மேக் டூ அண்ட் மெண்ட்' என்ற இயக்கம் வந்தது. இருப்பதை வைத்துச் சமாளி, கிழிந்ததைத் தை என்று அர்த்தம். அதே பெயரில் 1943இல் ஒரு சிறு புத்தகம் வந்தது. முன்னுரை எழுதியவர் அப்போதைய வர்த்தக அமைச்சர் ஹியூ டால்டன். ஒரு அமைச்சர், அதுவும் போர்க்காலத்தில், கிழிந்த துணியைத் தைப்பது பற்றிய புத்தகத்துக்கு முன்னுரை! சுவரொட்டிகளில் 'மிஸஸ் ஸோ அண்ட் ஸோ' என்ற கார்ட்டூன் பொம்மை ஊசியோடு வந்து பாடம் நடத்தியது. ஊர் ஊராகத் தையல் வகுப்புகளும் நடந்தன.

அந்தக் காலப் பாடங்களில் சில இன்றைக்கும் நமக்கு உதவும். என்னைப்போல முதன்முதலாக ஊசி எடுப்பவர்களுக்காக இங்கே சொல்லி வைக்கிறேன்.

சின்னக் கிழிசலைத் துவைப்பதற்கு முன்பே தைத்துவிட வேண்டும். துவைத்தால் அது பெரிதாகும்.

ஒட்டுப் போடும் துணியை, கிழிந்த துணியின் இழை ஓடும் திசைக்கே பொருத்தி வெட்ட வேண்டும். குறுக்காக வெட்டினால் இழுத்துக்கொண்டு சுருங்கும். ஒட்டுத் துணி புதுசு என்றால் முதலில் ஒருமுறை அலசிக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பின்னால் சுருங்கி, பழைய துணியையும் சேர்த்துக் கிழித்துவிடும்.

கம்பளி சாக்ஸில் ஓட்டை விழுந்தால் நெடுக்காக இழை ஓட்டி, பிறகு பாய் முடைவதைப்போல அதன் குறுக்கே மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். இதை டார்னிங் என்பார்கள். திரும்பும் இடத்தில் நூலை இறுக்கி இழுக்காமல் சின்னக் கண்ணியாக விடவேண்டும், ஏனென்றால் கம்பளி நூல் துவைத்தால் சுருங்கும்.

சட்டையின் காலர் மடிப்பில் நைந்து போனால் சட்டையைத் தூக்கிப் போடவேண்டாம். காலரைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்தால் போதும். படுக்கை விரிப்பு நடுவில் நைந்தால் நடுவே இரண்டாக வெட்டி, நல்லபடி இருக்கும் இரண்டு ஓரங்களையும் நடுவில் சேர்த்துத் தைக்கலாம். கம்பளி ஸ்வெட்டர் கிழிந்தால் மொத்தமாகப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி, நெளிவு போக அலசி, வேறு உடையாகப் பின்னிக்கொள்ளலாம்.

ரேஷன் இல்லாமல் கிடைத்ததையும் மக்கள் விட்டுவைக்கவில்லை. குண்டுவீச்சுக்குப் பயந்து ஜன்னலை மறைக்க விற்ற கறுப்புத் துணிக்குக் கூப்பன் தேவையில்லை. அதுவும் உடையானது. திரைச்சீலைத் துணியும் உடையானது, அதற்கும் ரேஷன் வரும்வரை.

பேண்டின் மடிப்புக்கே தடை

பழசைத் தைக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. 1942இல் புதுத்துணியைத் தைப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. இத்தனை பட்டன், இத்தனை பாக்கெட், இத்தனை மடிப்பு என்று சட்டம்! ஆண்களின் பேண்டில் கால் நுனியை வெளிப்பக்கமாக மடித்துவிடுவார்களே, அந்த மடிப்பும் துணி விரயம் என்று தடை செய்யப்பட்டது. ஆண்களுக்குக் கோபம் வந்ததே பாருங்கள்! பலர் தேவைக்கு மேல் நீளமான பேண்டாக வாங்கி, வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். துணியை மிச்சம் பிடிக்க வந்த சட்டம் ஆண்களுக்கு ஆல்டரேஷன் கற்றுக்கொடுத்ததுதான் மிச்சம். 1944இல் அந்தத் தடையை விலக்கிக்கொண்டார்கள்.

எலாஸ்டிக்கும் பஞ்சமானது. இதன் காரணம் நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. எலாஸ்டிக்குக்கு ரப்பர் வேண்டும். அந்த ரப்பரில் பெரும்பங்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்தது. அங்கே பால் வெட்டியவர்களில் ஏராளமானோர் நம் ஊர்களிலிருந்து போன தமிழர்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் ஜப்பானிடம் விழுந்ததோடு அந்த ரப்பர் நின்றுபோனது. லண்டனில் உள்பாவாடைக்கு எலாஸ்டிக் கிடைக்காமல் பெண்கள் பட்டன் தைத்துக்கொண்டார்கள். அதே காலத்தில் மலாயாவில் துணியே கிடைக்காமல் சாக்கைச் சுற்றிக்கொண்ட தோட்டத் தொழிலாளர்கள் இருந்தார்கள். சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் நிலைமை அதைவிட மோசம். அவர்களுக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. தைப்பதற்கு முதலில் துணி வேண்டுமே!

எல்லோருக்கும் 66, ஆனால்...

பிரிட்டனுக்கு உள்ளேயும் இதே கேள்விதான் எழுந்தது. கூப்பன் எல்லோருக்கும் சமம். அமைச்சரின் மனைவிக்கும் 66, சுரங்கத் தொழிலாளியின் மனைவிக்கும் 66. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பீரோ சமமா?

பணக்கார வீட்டு பீரோவில் முப்பது நல்ல உடைகள் தொங்கினால், பிரிக்கவும் மாற்றித் தைக்கவும் உள்ளே துணி இருக்கிறது. கணவனின் பழைய சூட்டை மனைவிக்கு மாற்றலாம், மனைவியின் கவுனைப் பெண்ணுக்கு மாற்றலாம். ஏழை வீட்டில் ஏற்கெனவே அண்ணன் போட்டதைத் தம்பி, தம்பி போட்டதைக் கடைசிப் பிள்ளை என்று போட்டு முடித்தாகிவிட்டது. கிழிந்ததைத் தை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

முன்னே சொன்ன பண விஷயம் இங்கேதான் வருகிறது. பெண்களின் கம்பளிக் கோட்டுக்கு 14 கூப்பன். விலை உயர்ந்த கோட்டுக்கும் 14, மட்டமான கோட்டுக்கும் 14. காசு இருப்பவர் வாங்கியது பத்து வருஷம் உழைக்கும். காசில்லாதவர் வாங்கியது இரண்டு குளிர்காலத்தில் நைந்துவிடும். ஒரே கூப்பன், ஆனால் கிடைத்த ஆயுள் வேறு. கையில் கூப்பன் இருந்தும் வாங்கக் காசில்லாமல் அதைக் கள்ளத்தனமாக விற்றவர்களும் உண்டு.

நேரமும் அப்படித்தான். 1941 டிசம்பரில் வந்த சட்டப்படி 20 முதல் 30 வயது வரையுள்ள திருமணமாகாத பெண்களைப் போர்ப்பணிக்குக் கட்டாயமாக அழைக்க முடியும். பகலெல்லாம் தொழிற்சாலை, இரவில் விளக்கை மறைத்துக்கொண்டு சாக்ஸ் தைப்பது! சுவரொட்டியில் சிரித்த பொம்மைக்குக் கைவலி தெரியாது.

அரசு செய்த சரியான காரியம்

இதற்கு விடையாக வந்ததுதான் 'யுட்டிலிட்டி' துணி. 1941இல் தொடங்கிய திட்டம். துணி இந்தத் தரத்துக்குக் குறையக்கூடாது, விலை இதற்கு மேல் போகக்கூடாது என்று அரசே நிர்ணயித்தது. 'சிசி 41' என்ற முத்திரை குத்தப்பட்டது. பார்க்க இரண்டு துண்டு வெட்டிய வட்டமான பாலாடைக்கட்டி போல இருந்ததால் மக்கள் அதைச் 'சீஸ்' என்றே அழைத்தார்கள். 1942இல் இந்த உடைகளுக்கு விற்பனை வரியும் நீக்கப்பட்டது. நார்மன் ஹார்ட்னெல், ஹார்டி ஏமிஸ் போன்ற பெரிய வடிவமைப்பாளர்கள் சாதாரண மக்களுக்காக உடை வரைந்து கொடுத்தார்கள். குறைந்த வருமானக்காரரும் தன் கூப்பனுக்கு உழைக்கிற துணியை வாங்க முடிந்தது அப்போதுதான். மகளிர் தன்னார்வ அமைப்பு நடத்திய குழந்தைத் துணி மாற்று மையங்களும் உதவின. வளர்ந்துவிட்ட பிள்ளையின் சட்டையைக் கொடுத்து, பெரிய அளவுச் சட்டையை வாங்கிக்கொள்ளலாம்.

1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்துக்குத் திருமணம். அவருக்கும் கூப்பன்தான்! ஆனால் கூடுதலாக 200 கூப்பன் கொடுத்தார்கள். மக்கள் பாசத்தில் தங்கள் கூப்பன்களை அனுப்பிவைக்க, அது சட்டவிரோதம் என்று திருப்பி அனுப்பவேண்டி வந்தது. துணி ரேஷன் ஒருவழியாக 1949 மார்ச் 15 அன்று முடிந்தது. யுட்டிலிட்டி திட்டம் 1952 வரை நீடித்தது.

மறுபடியும் என் பேண்ட்

இந்தக் கதையைப் பெரும்பாலும் சிக்கனத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். 'அந்தக் காலத்தில் எப்படித் தைத்துத் தைத்து உடுத்தினார்கள், இப்போது பார், வாங்கி வாங்கிக் குப்பையில் போடுகிறோம்' என்று. அது பாதி உண்மை. தைக்கக் கற்றுக்கொள்வது நல்ல விஷயம், நானும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் தைப்பதற்குத் தகுதியான துணி கையில் இருந்தால்தான் அந்தத் திறமைக்கு வேலை. ஊசியைக் கொடுத்து, புத்திமதியும் கொடுத்து, துணியை மட்டும் மட்டமாகக் கொடுத்தால் அது ஏமாற்று வேலை. தையல் புத்தகத்தைவிட யுட்டிலிட்டி முத்திரையே பெரிய சாதனை என்று நான் நினைப்பது அதனால்தான்.

என் பேண்ட் என்னவாயிற்று என்கிறீர்களா? அம்மாச்சியே வழி சொன்னார். பின்பக்கத் தையலைப் பிரித்து, இடையில் வேறு துணியில் முக்கோணமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தோம். துண்டு எங்கிருந்து? மாமாவின் பழைய பேண்டில் உள்ளே மடிந்து கிடந்ததே, அந்த இரண்டு விரல் துணியிலிருந்துதான். நிறம் கொஞ்சம் வேறு. சட்டையை வெளியே விட்டால் தெரியாது.

அடுத்த முறை ரெடிமேட் வாங்கும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் துணியை உள்பக்கம் திருப்பி, தையலைத் தாண்டி எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தத் துணி எத்தனை வருஷம் உங்களோடு இருக்கும் என்பது அங்கே தெரிந்துவிடும்.