விலக்குவதா, நிரப்புவதா? கிறிஸ்தவ மரபில் எண்ணப் பயிற்சியின் வரலாறு

பிலிப்பியர் கடிதத்தின் 4ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் உண்மை, கண்ணியம், நீதி, தூய்மை என்று ஒரு பட்டியலைத் தந்து, இவற்றையே சிந்தியுங்கள் என்கிறார் பவுல். எழுதியவர் சிறையில் இருந்தார். பெற்றவர்கள், உரோமைப் படைவீரர்கள் குடியமர்த்தப்பட்ட ஒரு மக்கெதோனிய நகரத்துச் சபையார். ஸ்தோயிக்கத் தத்துவ ஆசிரியர்களும் மறுக்காமல் ஏற்றிருக்கக்கூடிய நற்பண்புகள் இவை என்று விவிலிய அறிஞர்கள் பலர் சுட்டியுள்ளனர். ஆனால் இதில் விலக்க வேண்டியது ஒன்றுகூட இல்லை என்பதே கவனிக்கத்தக்கது. கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் தீயவற்றை அடுக்கிய அதே கை, இங்கே நல்லவற்றை மட்டும் அடுக்குகிறது.

மூன்று நூற்றாண்டுகள் கழித்து எகிப்தியப் பாலைவனத்தில் அழுத்தம் மறுபக்கம் சாய்ந்தது. கான்ஸ்டான்டினோப்பிளின் திருச்சபை வாழ்வை விட்டு வந்து, கெல்லியாவில் துறவியாக வாழ்ந்து 399இல் மறைந்த எவாக்ரியுஸ், மனத்தைத் தாக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார்: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை. ஒவ்வொன்றையும் எதிர்க்க விவிலிய வாக்கியங்களைத் திரட்டித் தனி நூலே எழுதினார். அவருடைய நுட்பம் வேறோரிடத்தில் இருக்கிறது: எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அதைத் தங்கவிடுவதும் விடாததுமே நம் கையில் இருக்கிறது. வந்ததற்காக எவரும் குற்றவாளி ஆவதில்லை.

இந்தப் போதனையை மேற்கே கொண்டுசென்றவர் யோவான் காசியான். 420களில் மார்செய் நகரில் எழுதியபோது எவாக்ரியுஸின் பெயரை அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. முற்காலக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகனின் கருத்துகளைப் பற்றி எழுந்த பூசலில் அந்தப் பெயர் ஆபத்தாகியிருந்தது காரணமாகலாம். காசியானின் ‘உரையாடல்கள்’ நூலில் மோசே என்னும் துறவி ஓர் உவமை சொல்கிறார்: ஓடும் நீர் சுழற்றும் எந்திரக்கல்லை நிறுத்த முடியாது; கோதுமை போடுவதா, களைவிதை போடுவதா என்பதை உரிமையாளன் தீர்மானிக்கலாம். பவுலின் பட்டியலுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் அந்தக் காலத்தில் எழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. போரிடுவதைவிட நிரப்புவது இங்கே முன்னுக்கு வருகிறது. பெனடிக்டின் துறவற ஒழுங்கு இந்நூலைப் படிக்கச் சொன்னதால், மேற்கத்திய மடங்களில் அது நெடுங்காலம் வாழ்ந்தது.

பொதுமக்களிடம் பரவியதோ வேறொன்று. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் அந்த எட்டைத் திருத்தினார். சோர்வைத் துயரத்தோடு சேர்த்தார், பொறாமையைப் புதிதாக நுழைத்தார், அகந்தையை எல்லாவற்றுக்கும் வேராக்கினார். நாம் அறிந்த ஏழு தலையான பாவங்கள் இதிலிருந்தே உருவாயின. பின்னாளில் பாவசங்கீர்த்தனத்துக்குக் கைகொடுத்த பட்டியல் இது. எண்ணத்தைக் கவனிக்கும் கலை இதில் சுருங்கிப்போனது என்பது என் கணிப்பு.

அந்தக் கலை 1521இல் ஸ்பெயினின் லொயோலாவில் ஒரு நோய்ப்படுக்கையில் புதிதாகத் தளிர்த்தது. பம்ப்லோனா போரில் குண்டடிபட்டுக் கிடந்த படைவீரர் இஞ்ஞாசியார், வீரசாகசக் கற்பனைகள் இனித்தாலும் பின்னர் வறட்சியையே விட்டுச்செல்வதையும், புனிதர் வரலாறுகள் எழுப்பிய எண்ணங்களின் மகிழ்ச்சி நீடிப்பதையும் கவனித்தார். 1548இல் அச்சான அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ ஒருபடி மேலே செல்கிறது. உயர்ந்ததாகத் தோன்றும் எண்ணமும் வஞ்சிக்கக்கூடும் என்று எச்சரித்து, அதன் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது.