உலகத்தின் இரட்சகரா, உன் இரட்சகரா? – ஜான் வெஸ்லியின் கதை

கடவுள் உலகத்தை நேசிக்கிறார் என்று கிறிஸ்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதே கடவுள் தன்னைப் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார், தன்னையும் நேசிக்கிறார் என்று ஒருவர் உள்ளபடியே நம்புவது வேறு விஷயம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கடக்க ஒருவருக்கு ஏறக்குறைய 35 வயது ஆனது. அவர் கோயில் பக்கமே போகாதவர் இல்லை. குருவானவரின் மகன், தானும் குருவானவர், கடல் கடந்து மதம் பரப்பப் போனவர்! மெதடிஸ்ட் சபைகளின் தந்தை என்று அறியப்படும் ஜான் வெஸ்லிதான் அவர்.

வியாழக்கிழமைப் பிள்ளை

1703ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள எப்வொர்த் என்ற ஊரில் ஜான் பிறந்தார். அப்பா சாமுவேல், ஆங்கிலிக்கன் குருவானவர். அம்மா சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்றார். அவர்களில் ஒன்பது பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள். 1709 பிப்ரவரியில் ஒரு இரவு வீடு தீப்பிடித்தது. எல்லோரும் வெளியே வந்த பிறகுதான் ஐந்து வயது ஜான் மாடியில் மாட்டிக்கொண்டது தெரிந்தது. ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறி ஜன்னல் வழியாக அவனை இழுத்தார்கள். சற்று நேரத்தில் கூரை இடிந்து விழுந்தது. இப்படி மீட்கப்பட்ட பிள்ளையின் ஆன்மாவை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று அம்மா முடிவு செய்தார்.

இந்த இடத்தில் தமிழ்நாடு கதைக்குள் வருகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புளூட்சோ ஆகிய இருவரின் கடிதங்கள் ஆங்கிலத்தில் புத்தகமாக வெளிவந்திருந்தன. அது எப்வொர்த் வீட்டிலும் இருந்தது. மூத்த மகள் எமிலியா அதை அப்பாவின் அறையில் கண்டெடுக்க, சூசன்னா அதைப் படித்து மிகவும் கலங்கினார். முன்பின் தெரியாத மக்களுக்காக அவ்வளவு தூரம் போனவர்கள் இருக்கும்போது, தன் வீட்டிலேயே இருக்கிறவர்களுக்குத் தான் என்ன செய்கிறோம் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. அதன் பிறகு ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளை என்று முறை வைத்து, தனியாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. ஆக்ஸ்போர்டில் ஆசிரியராகிவிட்ட பிறகும், அந்த வியாழக்கிழமை நேரத்தைத் தனக்காக ஒதுக்கும்படி அம்மாவுக்குக் கடிதம் எழுதினார் என்றால், அது அவர் மனதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்!

கப்பலில் வந்த பயம்

ஆக்ஸ்போர்டில் வெஸ்லியும் தம்பி சார்லஸும் சில நண்பர்களும் நேரம் தவறாமல் ஜெபித்தார்கள், உபவாசம் இருந்தார்கள், சிறைக் கைதிகளைப் போய்ப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஒரு முறை வைத்திருந்ததால் மற்ற மாணவர்கள் கேலியாக 'மெதடிஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கேலிப் பெயரே பின்னால் நிலைத்தது.

1735இல் அண்ணனும் தம்பியும் அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றத்துக்குக் கப்பல் ஏறினார்கள். அதே கப்பலில் ஜெர்மனியிலிருந்து வந்த மொராவியர் என்ற சிறு கிறிஸ்தவக் கூட்டமும் இருந்தது. 1736 ஜனவரியில் பெரும் புயல். பாய்மரத்தின் பெரிய பாய் கிழிந்து, தண்ணீர் தளத்தில் பாய்ந்தது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். மொராவியர்களோ பாடிக்கொண்டிருந்த சங்கீதத்தை நிறுத்தவே இல்லை. பயமாக இல்லையா என்று வெஸ்லி பிறகு கேட்டபோது, தங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூடச் சாவதற்குப் பயப்படவில்லை என்று பதில் வந்தது. வெஸ்லியோ நன்றாகவே பயந்திருந்தார்.

கரை இறங்கியதும் ஸ்பாங்கன்பெர்க் என்ற மொராவியத் தலைவரைச் சந்தித்தார். இயேசு கிறிஸ்துவை உனக்குத் தெரியுமா என்று அவர் கேட்டார். அவர் உலகத்தின் இரட்சகர் என்பது தெரியும் என்றார் வெஸ்லி. அது சரி, அவர் உன்னை இரட்சித்தார் என்பது தெரியுமா என்று அடுத்த கேள்வி வந்தது. அப்படி நம்பிக்கை வைத்திருப்பதாக வெஸ்லி ஏதோ பதில் சொல்லிச் சமாளித்தார். தன் வார்த்தைகள் வெறும் வார்த்தைகளோ என்று அஞ்சியதைப் பின்னர் நாட்குறிப்பில் எழுதினார்.

ஜார்ஜியா ஊழியம் தோல்வியில் முடிந்தது. தான் விரும்பிய பெண் வேறொருவரை மணந்த பிறகு, அவருக்கு நற்கருணை கொடுக்க மறுத்ததால் வழக்கு வந்தது. 1737 டிசம்பரில் ஊரைவிட்டே கிளம்பினார். பிறரை மனம் திருப்பப் போன தன்னை யார் மனம் திருப்புவது என்ற கசப்போடு 1738 பிப்ரவரியில் இங்கிலாந்து திரும்பினார்.

'எனக்காக' என்ற ஒரு சொல்

கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல், தேவகுமாரன் தன்னை நேசித்துத் தனக்காகவே உயிர் கொடுத்ததாக ஒருமையில் எழுதுகிறார். விசுவாசத்தின் பாரம் முழுவதும் அந்த 'எனக்காக' என்ற சொல்லில் இருக்கிறது என்பது மார்ட்டின் லூத்தரின் அழுத்தமான போதனை. 1738 மே மாதம் சார்லஸ் லூத்தரின் கலாத்தியர் விளக்கவுரையைப் படித்து, அந்தச் சொல்லை உணரப் போராடினார். மே 21இல் அவருக்கு அமைதி கிடைத்தது.

மூன்று நாள் கழித்து, மே 24 மாலை, ஜான் லண்டனின் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்துக்கு அரைமனதோடு போனார். அங்கே ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். இரவு ஒன்பதுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது தன் இருதயம் விநோதமாக அனல் கொண்டதாக வெஸ்லி எழுதுகிறார். கிறிஸ்து தன் பாவத்தையே, ஆம், தன்னுடையதையே நீக்கினார் என்ற நிச்சயம் வந்தது. ஸ்பாங்கன்பெர்க்கின் கேள்விக்கு இரண்டு வருடம் கழித்துப் பதில் கிடைத்துவிட்டது.

உணர்ச்சி மட்டும் போதுமா?

எல்லோரும் இதை ஏற்கவில்லை. தத்துவ அறிஞராகப் பெயர் பெற்ற பிரிஸ்டல் பிஷப் ஜோசப் பட்லர், பரிசுத்த ஆவியின் தனி வெளிப்பாடு கிடைத்ததாகச் சொல்லிக்கொள்வது பயங்கரமானது என்று 1739இல் வெஸ்லியிடம் நேரிலேயே சொன்னார். அந்தக் கண்டிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. உள்ளத்தில் தோன்றுவதெல்லாம் கடவுளிடமிருந்து வந்ததா என்பதற்கு யார் சாட்சி? வெஸ்லிக்கே அந்த அனல் நிலைக்கவில்லை. 1739 ஜனவரியில் தான் கிறிஸ்தவனே இல்லை என்று எழுதினார். 1766இல்கூடத் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், தான் கடவுளை நேசித்ததே இல்லை என்று மனம் உடைந்து எழுதியிருக்கிறார்!

அப்படியானால் அந்த இயக்கத்தைத் தாங்கியது எது? 1739 ஏப்ரலில் பிரிஸ்டலில் வெஸ்லி திறந்தவெளியில் பிரசங்கிக்கத் தொடங்கினார். கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள்போல் ஆலயத்தில் இடமில்லாதவர்கள் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். கூட்டத்தில் கேட்ட செய்தி வீட்டுக்குப் போனதும் மறந்துவிடலாம். அதற்கு ஒரு வழி 1742இல் கிடைத்தது, அதுவும் கடன் பிரச்சனையால்! பிரிஸ்டல் கட்டடத்தின் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் கேப்டன் ஃபாய். ஏழைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டார்கள். மிக ஏழைகளான பதினொரு பேரைத் தன்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாததைத் தானே கொடுப்பதாக அவர் சொன்னார்.

காசு வாங்க வாராவாரம் வீடு வீடாகப் போனவர்களுக்கு, யார் நோயில் கிடக்கிறார், யார் குடியில் விழுந்தார், யார் நம்பிக்கை இழந்தார் என்பதெல்லாம் தெரிய வந்தது. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார். ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒரு 'வகுப்பு', அதற்கு ஒரு தலைவர். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரையும் அவருடைய ஆன்மா எப்படி இருக்கிறது என்று தனித்தனியாக விசாரிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் எழுதிய டிக்கெட் கொடுக்கப்பட்டது. சுரங்கத்தில் வேலை செய்தவனுக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் தன் பெயரை எழுதி யாராவது எதையாவது கொடுத்தது அதுவே முதல் தடவையாகக்கூட இருந்திருக்கலாம்.

எப்வொர்த் வீட்டின் வியாழக்கிழமைக்கும் இந்த வகுப்புகளுக்கும் உள்ள ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது. கடவுள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறிகிறார் என்ற நம்பிக்கை ஆல்டர்ஸ்கேட்டில் ஒரு இரவில் பற்றிக்கொண்டது. அது அணையாமல் இருந்ததற்குக் காரணம், வாரந்தோறும் வந்து கதவைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்ட மனிதர்கள்தான். 1791 மார்ச் 2இல் வெஸ்லி இறந்தபோது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்த்து எழுபதாயிரத்துக்கும் அதிகமான மெதடிஸ்ட்கள் இருந்தார்கள். அந்த எழுபதாயிரம் பேரும் ஏதோ ஒரு சிறு வகுப்பில், ஏதோ ஒரு தலைவருக்குப் பெயரோடு தெரிந்தவர்கள்.