வீட்டுக்குள் வந்த விளக்கு: ஆவணப்பட நேர்காணலின் ஒளி வரலாறு

ஆவணப்படங்களில் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பேசும் காட்சியைக் காண்பவர்கள், அவர் முகத்தின் ஒரு பக்கம் மென்மையாக விழுந்து மறுபக்கம் மெல்ல மங்கும் ஒளியையும், பின்னால் சற்றே இருண்டு நிற்கும் புத்தக அலமாரியையும் அந்த வீட்டின் இயல்பான தோற்றமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பல பதிற்றாண்டுகளில் உருவாக்கப்பட்ட தோற்றம். அதை உருவாக்கியதில் அழகியல் கொள்கைகளுக்கு உள்ள பங்கைவிட, வீட்டு மின்கம்பி தாங்கக்கூடிய மின்னோட்டத்துக்கும், விளக்கு வெளிவிடும் வெப்பத்துக்கும், ஓர் ஆள் மாடிப்படியில் தூக்கிச் செல்லக்கூடிய எடைக்கும் உள்ள பங்கு பெரிது.

எளியவர்களின் வீட்டுக்குள் ஒளியைக் கொண்டுபோய் அவர்களைப் படம்பிடிக்கும் முயற்சி சினிமாவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. டென்மார்க்கில் பிறந்து நியூயார்க்கில் செய்தியாளராகப் பணியாற்றிய ஜேக்கப் ரீஸ், 1887இல் ஜெர்மனியில் அறிமுகமான மக்னீசிய ஒளித்தூளைப் பற்றிக் கேள்விப்பட்டதும், அந்நகரின் நெரிசல் குடியிருப்புகளின் இருண்ட அறைகளை அதன் வெளிச்சத்தில் புகைப்படமாக்கினார். அப்படங்களின் அடிப்படையில் அமைந்த அவருடைய நூல் 1890இல் வெளிவந்தது. முதலில் கைத்துப்பாக்கி போன்ற ஒரு கருவியிலும், அதைக் கண்டு குடியிருப்பவர்கள் அஞ்சியதால் பின்னர் ஒரு வாணலியிலும் வைத்து அவர் அத்தூளைக் கொளுத்தினார். பார்வையற்றோர் வசித்த ஓர் அறையில் அந்தத் தீப்பொறி சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தையும் கந்தலையும் பற்றிக்கொண்டதும், அதை அவரே தனியாகப் போராடி அணைத்ததும் அவர் எழுத்திலேயே பதிவாகியுள்ளன. படம் எடுக்கப்படுபவருக்குத் தீங்கு நேராமல் அவர் வீட்டில் ஒளியை உண்டாக்குவது எப்படி என்ற கேள்வி இவ்வாறு தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது.

மௌனப்படக் காலத்தின் ஸ்டூடியோக்களில் கார்பன் வில்விளக்குகள், அதாவது இரண்டு கரித்தண்டுகளுக்கிடையே மின்சாரம் பாய்ந்து கண்கூசும் சுடரை எழுப்பும் விளக்குகள், பெருமளவில் பயன்பட்டன. அவை இரைச்சலிடுபவை ஆதலால், 1920களின் இறுதியில் படம் பேசத் தொடங்கியதும் அவற்றின் இடத்தை ஓசையற்ற டங்ஸ்டன் இழை விளக்குகள் பெரிதும் பிடித்துக்கொண்டன. ஆனால் இவை சத்தமில்லாதவையே தவிர சிறியவை அல்ல. கனத்த இரும்புக் கூடும், கண்ணாடி வில்லையும், உருளை வைத்த ஸ்டாண்டும் கொண்டு ஸ்டூடியோத் தரைக்கென்றே செய்யப்பட்டவை. 1935இல் ஆர்தர் எல்ட்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் பிரிட்டிஷ் எரிவாயு நிறுவனங்களின் சங்கத்துக்காக எடுத்த ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ என்னும் குறும்படம், லண்டனின் ஸ்டெப்னி பகுதிச் சேரிவாசிகளை அவர்கள் வீட்டிலேயே கேமராவை நோக்கிப் பேசவைத்தது. ஆவணப்பட நேர்காணலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இப்படத்திலிருந்தே தொடங்குகிறார்கள். அதில் பேசுவோர் ஓரிடத்தில் நின்றோ அமர்ந்தோ, நேராகப் பார்த்து, அசையாமல் பேசுவதை இயக்குநர்களின் எளிமை நாட்டம் என்று மட்டும் விளக்கினால் போதாது. அன்றைய 35 மி.மீ. கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் விளக்குகளும் ஒரு சிற்றறைக்குள் நுழைந்த பிறகு, பேசுபவர் நகர்வதற்கு மிஞ்சியிருந்த இடமே குறைவு. அந்த நெருக்கடியிலும் ஒரு பெண்மணி தம் வீட்டில் எலியோடு போராடிய கதையை அவ்வளவு இயல்பாகச் சொல்ல முடிந்ததென்றால், பேசுவோரோடு முன்பே பழகி அவர்களின் கூச்சத்தைப் போக்கிய ரூபி கிரியர்சனுக்கே அப்பெருமை சேரும்.

எடை குறைந்த முதல் மாற்றுவழியைத் தந்தது ‘ஃபோட்டோஃபிளட்’ எனப்பட்ட குமிழ்விளக்கு. வீட்டு விளக்கின் வடிவிலேயே இருந்த இதன் இழை, அதற்கு ஏற்ற மின்னழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில் எரியும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருந்ததால், சாதாரண விளக்கைக் காட்டிலும் பன்மடங்கு பிரகாசமாகவும் வெண்மையாகவும் எரிந்து, அதற்கு விலையாகச் சில மணி நேரத்திலேயே அணைந்து போயிற்று. வீட்டில் ஏற்கெனவே தொங்கும் விளக்கைக் கழற்றிவிட்டு அதே பிடியில் இதை மாட்டினால் போதும் என்பதால், தனியாக ஸ்டாண்டோ லைட்மேனோ இல்லாத சிறு குழுக்களுக்கு இது பெரும் வசதி.

1950களில் ஒளியுணர்வு மிகுந்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் 16 மி.மீ. அளவிலும் கிடைக்கத் தொடங்கியது. அப்பதிற்றாண்டின் முடிவில் ஸ்டீபான் குடெல்ஸ்கியின் நாக்ரா ஒலிப்பதிவுக் கருவி தோளில் மாட்டிச் செல்லும் அளவுக்குச் சுருங்கியது. இத்தகைய சாதனங்களைத் துணைகொண்டு, ராபர்ட் ட்ரூவும் ரிச்சர்ட் லீகாக்கும் உள்ளிட்ட அமெரிக்கக் குழுவினர் 1960இல் ‘பிரைமரி’ படத்தை எடுத்தபோது, விளக்கையே பிடிப்பதில்லை, நேர்காணலும் செய்வதில்லை என்பதைத் தங்கள் நெறியாக்கிக்கொண்டார்கள். விளக்கை ஏற்றிய கணமே அங்கிருப்பவர்கள் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற அவர்களின் வாதத்தில் உண்மை உண்டு. எனினும் அந்த நெறி நெடுங்காலம் பொதுவிதியாக நிற்க முடியவில்லை. தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறியபோது, கறுப்பு வெள்ளையைவிட உணர்வு குறைந்த வண்ண ஃபிலிமுக்கு மீண்டும் கூடுதல் வெளிச்சம் தேவைப்பட்டது.

அத்தேவையை நிறைவு செய்தது ஹாலஜன் விளக்கு. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த எல்மர் ஃபிரிட்ரிக், எம்மெட் வைலி இருவரும் 1959இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். சாதாரண விளக்கில் இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடிச் சுவரில் கரியாகப் படிவதால் விளக்கு நாளாக நாளாக மங்கிப் பழுப்பேறும். இவர்கள் குமிழுக்குள் சிறிதளவு அயோடினைச் சேர்த்தபோது, அது ஆவியான டங்ஸ்டனோடு கூடி அதை மீண்டும் இழைக்கே கொண்டு சேர்த்தது. இந்தச் சுழற்சி நடைபெறக் குமிழின் சுவர் கடும் வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பதால், கண்ணாடிக்குப் பதில் குவார்ட்சை இழைக்கு மிக அருகில் வைத்துச் செய்தார்கள். விளைவாக, ஓராயிரம் வாட் விளக்கு ஒரு விரல் பருமனுக்கு ஒடுங்கியது. அந்தக் குமிழை வெறுங்கையால் தொட்டால், விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் மட்டும் வெப்பத்தில் வெளிறிப் பலவீனமடைந்து விளக்கு வெடிக்கக்கூடும் என்பதால், அது வந்த உறையோடோ துணியாலோ பிடித்து மாட்டுவது இத்தொழிலுக்கு வருபவர் கற்கும் முதல் பாடமாயிற்று. சில்வேனியா நிறுவனம் கையில் பிடிக்கும் ஹாலஜன் விளக்குக்கு வைத்த ‘சன் கன்’ என்னும் பெயர் நாளடைவில் அவ்வகை விளக்கு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகி, தமிழ்நாட்டுத் திருமண வீடியோக்காரர்கள் வரை வந்து சேர்ந்தது. மணமக்களின் முகத்துக்கு நேரே ‘சன் கன்’ பிடித்து, வியர்வையும் வெளுப்புமாகப் பதிந்துபோன ஒரு தலைமுறையின் திருமணப் பதிவுகள், விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே பிடிப்பதன் தீமைக்குப் போதிய சான்று.

ஹாலஜன் குமிழ் சுருங்கினாலும், அதைத் தாங்கும் சாதனங்கள் சுருங்காத வரை பயனில்லை. இதை உணர்ந்து செயல்பட்டவர், ஆவணப்பட ஒளிப்பதிவாளராகவே தொழில் நடத்திய ராஸ் லோவல் என்னும் அமெரிக்கர். ஸ்டூடியோ விளக்கைச் சிறிதாக்க முயலாமல், வீட்டில் ஏற்கெனவே உள்ள கதவு, சுவர், நிலைப்படி ஆகியவற்றையே ஸ்டாண்டாகப் பயன்படுத்தலாம் என்று அவர் எண்ணியதுதான் திருப்புமுனை. 1959இல் லோவல் லைட் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், விளக்கைச் சுவரில் ஒட்டி நிறுத்துவதற்காகப் பெர்மாசெல் நிறுவனத்தின் பசையையும் வெள்ளி நிறத் துணிப்பட்டையையும் இணைத்து, விளக்கின் சூட்டைத் தாங்கக்கூடியதும், உரிக்கும்போது எளிதில் வருவதுமான ஓர் ஒட்டுப்பட்டையை உருவாக்கினார்; படக்குழுவில் ஒளியமைப்புக்குத் தலைவராக உள்ளவரின் பதவிப்பெயரால் அது இன்று உலகெங்கும் ‘காஃபர் டேப்’ என வழங்குகிறது. பின்னர் அவர் வடிவமைத்த ‘டோட்டா லைட்’, இரண்டு பிரதிபலிப்புத் தகடுகளும் கதவுபோல் மூடிக்கொண்டால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். விளக்குகள், மடக்கு ஸ்டாண்டுகள், குடை, கம்பி எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்க, அதை ஒருவரே தூக்கிக்கொண்டு பேருந்திலும் விமானத்திலும் செல்ல முடிந்தது. 1980இல் அமெரிக்கத் திரைப்படக் கலைக் கழகம் அவருடைய கையடக்க ஒளிச்சாதனங்களுக்காகத் தொழில்நுட்ப விருது அளித்தது.

அப்பெட்டிகளுக்குள் வைக்கப்பட்ட விளக்குகளின் வாட் அளவுக்கும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்க வீட்டின் 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு 1,800 வாட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே 500 வாட் விளக்குகள் மூன்றை ஒன்றாக ஏற்றலாம், 1,000 வாட் விளக்குகள் இரண்டை ஏற்றினால் ஃபியூஸ் போய்விடும். இந்திய வீடுகளில் 230 வோல்ட் என்பதால் 1,000 வாட் விளக்கு நான்கு ஆம்பியருக்குச் சற்று மேல்தான் இழுக்கும் என்றாலும், கூடத்துச் சுவரில் இருந்தது பெரும்பாலும் 5 ஆம்பியர் பிளக் பாயிண்ட். எனவே பேட்டி எடுக்கச் சென்ற லைட்மேன் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டது, கிரைண்டருக்கோ கீசருக்கோ போட்ட 15 ஆம்பியர் பவர் பாயிண்ட் எங்கே என்பதுதான். நேர்காணலுக்கு நாற்காலி போடும் இடத்தைச் சில வேளைகளில் இயக்குநரைவிட அந்தப் பாயிண்டே முடிவு செய்தது.

சிறிய இழையிலிருந்து நேராக வரும் ஒளி கடுமையானது. மூக்கின் நிழல் கன்னத்தில் கத்தியால் வெட்டியதுபோல் விழும். ஒளி புறப்படும் பரப்பு, பேசுபவரிடமிருந்து பார்க்கையில் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அந்த அளவுக்கு நிழலின் விளிம்பு மென்மையாகும் என்ற விதிப்படி, விளக்கைச் சுவரிலோ கூரையிலோ துணியிலோ அடித்துத் திருப்பி வாங்கும் முறை பிறந்தது. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்தில், காசியில் உள்ள வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மீது செலுத்தி வானத்திலிருந்து இறங்கும் பகல் ஒளியை வரவழைத்தார். 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் ஒளிப்பதிவாளர் ரவுல் கூத்தார் ஃபோட்டோஃபிளட் விளக்குகளைக் கூரையை நோக்கித் திருப்பி வைத்துக் கதைப்படங்களை எடுத்தார். இம்முறையை ஆவணப்படக்காரர்கள் தயக்கமின்றி எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதற்குத் தேவைப்பட்டது ஒரு வெள்ளைச் சுவர் மட்டுமே என்பது. தமிழ்நாட்டில் தெர்மோகோல் பலகையும், விளக்கின் முன் கிளிப் போட்டு மாட்டிய பட்டர் பேப்பரும் இதே வேலையைச் சொற்பச் செலவில் செய்தன.

சன்னல் ஒளியோடு ஹாலஜன் ஒளியைக் கலப்பது தனிச் சிக்கல். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அளவால் குறிக்கும் வழக்கப்படி ஹாலஜன் 3,200, பகல் ஒளி ஏறத்தாழ 5,600; இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் ஆரஞ்சாகவும் மறு கன்னம் நீலமாகவும் பதியும். விளக்கின் முன் நீலத்தாள் வைத்தால் நிறம் ஒத்துப்போகும், வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடும். ஓஸ்ரம் நிறுவனம் ஜெர்மன் தொலைக்காட்சிக்காக 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய எச்.எம்.ஐ. விளக்கு பகல் நிறத்திலேயே எரிந்தது எனினும், அதன் விலையும் தனியே தூக்க வேண்டிய மின்கட்டுப்பாட்டுப் பெட்டியும் சிறு குழுக்களுக்கு எட்டாதவையாகவே இருந்தன.

ஸ்டூடியோ மரபு மூன்று விளக்குகளை விதித்தது: முகத்துக்கான முதன்மை விளக்கு, நிழலை நிரப்பும் துணை விளக்கு, தலைமுடியையும் தோளையும் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் பின்விளக்கு. 1980களில் துணிப்பெட்டி வடிவிலான மடக்கு சாஃப்ட் பாக்ஸ் பரவியபோது, அதில் ஒன்றை முகத்துக்கு ஒரு மீட்டர் தொலைவில் பக்கவாட்டில் வைத்தால் மற்ற இரண்டும் பெரும்பாலும் தேவையில்லை என்பது தெரிந்தது. ஒளியின் வலிமை தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், விளக்கிலிருந்து மூன்று மீட்டருக்கு அப்பால் உள்ள அலமாரிக்கு முகத்தில் விழும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்கே போய்ச் சேரும். இன்று ‘ஆழமான’ நேர்காணல் தோற்றம் என்று போற்றப்படும் இருண்ட பின்னணி பெருமளவுக்கு இக்கணக்கின் விளைவு. எர்ரல் மோரிஸின் ‘தி தின் புளூ லைன்’ (1988) போன்ற படங்கள் நேர்காணலைக் கதைப்படத்துக்குரிய கவனத்தோடு ஒளியமைக்கலாம் என்பதைக் காட்டிய பிறகு, இத்தோற்றம் தொலைக்காட்சி வரை பரவியது. மியூனிக்கின் டேடோ வைகர்ட் வடிவமைத்த, 12 வோல்ட்டில் எரியும் 100 வாட் ‘டேடோலைட்’, தன் இரட்டை வில்லை அமைப்பால் ஒளியை வேண்டிய இடத்தில் மட்டும் கூர்மையாக விழச்செய்து பின்விளக்கின் வேலையைச் சிக்கனமாக முடித்தது. 1987இல் ‘பார்ஃபிளை’ படப்பிடிப்பில், நெருக்கடியான உள்ளறைகளுக்காக ஒளியமைப்புக் குழுவைச் சேர்ந்த ஃப்ரீடர் ஹாக்ஹைமும் கேரி ஸ்விங்க்கும், குழல்விளக்கைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து பிரித்துச் சுவரில் ஒட்டக்கூடியதாகச் செய்தார்கள். ‘கினோ ஃப்ளோ’ என்ற பெயரில் வந்த அச்சாதனத்தால் நேர்காணல் அறையின் புழுக்கம் முதன்முறையாகக் கணிசமாகக் குறைந்தது.

நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய ஆய்வுகளின் பயனாக, அதன்மேல் ஒளிர்பொருள் பூசி வெள்ளை ஒளி பெறும் முறை 1990களில் வந்தபின், வெப்பம், எடை, மின்னோட்டம் ஆகிய மூன்று தடைகளும் ஏறத்தாழ ஒருசேர விலகின. ஒரு பேட்டரியில் எரிந்து, நிறத்தையும் பிரகாசத்தையும் திருகுகுமிழில் மாற்றிக்கொள்ளக்கூடிய தகட்டை இன்று ஒரு மாணவரும் வாங்க முடிகிறது. ஆனால் பழைய டங்ஸ்டன் இழை எல்லா நிறங்களையும் இடைவெளியின்றித் தன்னில் கொண்டிருந்ததைப்போல எல்.இ.டி. கொண்டிருப்பதில்லை, நிறமாலையில் சில இடங்களில் மிகுந்தும், சில இடங்களில், குறிப்பாக ஆழ்சிவப்பில், குறைந்தும் அது ஒளிர்கிறது. விற்பனைப் பெட்டியில் அச்சிடப்படும் சி.ஆர்.ஐ. என்னும் நிறத்தர எண், எட்டு வெளிர்நிற மாதிரிகளின் சராசரி மட்டுமே. ஆழ்சிவப்பு அந்த எட்டில் இல்லை. மனிதத் தோலின் உயிர்ப்பு சிவப்பைச் சார்ந்திருப்பதால், 90க்கு மேல் எண் பெற்ற விளக்கும் மாநிற முகத்தைச் சாம்பல் பூத்ததாகக் காட்டக்கூடும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2012இல் கேமராவின் பார்வையைக் கணக்கிலெடுக்கும் டி.எல்.சி.ஐ. என்னும் வேறோர் அளவை முன்வைத்ததற்கு இக்குறையே காரணம். விளக்கு வாங்குபவர் அந்த எண்ணையும் ஆழ்சிவப்புக்கான ஆர்9 எண்ணையும் கேட்டுப் பெறுவதோடு, தம் உள்ளங்கையையும் புறங்கையையும் அவ்விளக்கின் முன் நீட்டிக் கேமராவில் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.