ஏர் மாடும் பழைய டிராக்டரும்

சென்னையிலிருந்து பெங்களூருக்கோ சேலத்துக்கோ ரயிலில் போகிறவர்களுக்கு ஜோலார்பேட்டை என்றால் ஒரு ஜங்ஷன், அவ்வளவுதான். 1864-ஆம் ஆண்டில் பெங்களூர்க் கிளை திறந்தது முதல் அந்த ஊருக்கு இந்தக் கீர்த்தி நிலைத்துவிட்டது. ஆனால் பிளாட்பாரத்துக்கு அப்பாலும் உலகம் இருக்கிறது. ஏலகிரி மலையின் அடிவாரத்தில் செம்மண் நிலங்கள், ஆழமான கிணறுகள், தென்னந்தோப்புகள். அவற்றை நம்பி இரண்டு ஏக்கரும் நாலு ஏக்கரும் வைத்துக்கொண்டு பிழைக்கிற குடியானவர்கள். அவர்களில் ஒருவர் பழைய டிராக்டர் ஒன்று வாங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைப் பார்த்து வாங்குவது?

“கதை படிக்கிற எங்களுக்கு இதில் என்ன சுவாரசியம்?” என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதிலும், வீடு பார்ப்பதிலும் என்ன சுவாரசியம் உண்டோ அதே சுவாரசியம் இதிலும் உண்டு. பார்க்கிறவன் ஏமாந்தால் நிலம் போய்விடும். அதோடு, எந்தப் பழைய யந்திரத்துக்கும் ஒரு பூர்வ கதை இருக்கிறது. அது தெரியாமல் விலை பேசுவது, குலம் கோத்திரம் விசாரிக்காமல் சம்பந்தம் பேசுவது மாதிரி.

முதலில், டிராக்டர் யாருடைய இடத்தில் வந்து உட்கார்ந்தது என்பதைப் பார்ப்போம். ஏர் மாட்டின் இடத்தில். மாடு வாங்குவதற்கு நம்மவர்களிடம் பெரிய சாஸ்திரமே இருந்தது. பல்லைப் பிடித்து வயசு பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு தரகர் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலால் விலை பேசுவார்கள். மாடு சும்மா நிற்கிற நாளிலும் தின்னும். ஆனால் சாணம் கொடுக்கும். செத்த பிறகு தோலையும் கொடுக்கும்.

இந்தத் தோல் சமாசாரம் இந்தச் சீமைக்கு முக்கியமானது. ஜோலார்பேட்டைக்கு வடக்கே ரயில் பாதையோடு போனால் வாணியம்பாடி, ஆம்பூர், அதற்கப்பால் ராணிப்பேட்டை. எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோல் இங்கிருந்து கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. உள்ளூரிலோ தோல் வேறு ஒரு வேலை செய்தது: கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கவலைக்குத் தோல்தான் வாலாக அமைந்தது. அந்தத் தோல் தண்ணீரில் நனைந்து நனைந்து சீக்கிரம் அழுகிப் போகும். கவலைக்குக் கவலை என்று பெயர் வைத்தவன் அனுபவசாலிதான்!

சென்னையில் எஞ்சினீரிங் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் 1903-ஆம் ஆண்டு வாக்கில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். கிணற்றுக் கவலைக்கு அழுகாத தோல் கிடைக்க வேண்டும் என்பது அவர் மனத்தில் இருந்த நோக்கங்களில் ஒன்று. அதே மனிதர்தான், ஏறக்குறைய அதே காலத்தில், கிணற்றடியில் எண்ணெய் எஞ்சினும் பம்பும் வைத்துத் தண்ணீர் இறைக்கலாம் என்று சென்னை மாகாணத்துக் குடியானவர்களுக்குக் காட்டினார். ஒரு கையால் கவலையின் ஆயுளைக் கூட்டினார். மறு கையால் கவலையே வேண்டாம் என்று செய்தார். மாட்டின் பாதி வேலை அன்றே போகத் தொடங்கிவிட்டது. மிச்சமிருந்தது உழவு.

உழவு யந்திரம் சுதந்தர இந்தியாவில் வந்த விதம் வேடிக்கையானது. 1947-ல் மத்திய சர்க்கார் மத்திய டிராக்டர் ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். யுத்தம் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுச் சென்ற டிராக்டர்களைச் செப்பனிட்டுத்தான் அது வேலையைத் தொடங்கியது. ஆக, பழைய டிராக்டர் வாங்குகிற குடியானவர் கூச்சப்பட வேண்டியதில்லை. இந்திய சர்க்காரே பழைய டிராக்டரில்தான் பிள்ளையார் சுழி போட்டார்கள்! மத்தியப் பிரதேசத்தில் ‘கான்ஸ்’ என்னும் நாணல் இனத்துப் புல் லட்சக்கணக்கான ஏக்கரைத் தின்றுகொண்டிருந்தது. அதன் வேரை அறுக்கச் சங்கிலிச் சக்கரம் பூட்டிய பெரிய யந்திரங்கள் வேண்டியிருந்தன. 1949-ல் உலக வங்கி இதற்காக ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. 1951-ல் இந்தியா முழுவதும் ஏறக்குறைய 8,500 டிராக்டர்களே இருந்தன. அந்தப் பிரம்மாண்டமான யந்திரங்களுக்கும் நாலு ஏக்கர் குடியானவனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. யானையைக் கட்டி எள் செக்கு ஆட்ட முடியுமா?

சின்ன நிலத்துக்கு ஏற்ற வண்டியை யோசித்தவர் ஹாரி ஃபெர்குசன். அயர்லாந்தின் வடபகுதியில் 1884-ல் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். அந்தக் காலத்து டிராக்டர்களில் கலப்பையைப் பின்னால் சங்கிலி போலக் கோத்து இழுப்பார்கள். கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால், வண்டி முன்னங்காலைத் தூக்கிய குதிரை போல் நிமிர்ந்து ஓட்டுகிறவன் மேலேயே கவிழும். இப்படி உயிரிழந்தவர்கள் பலர். ஃபெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும்படி செய்தார். கலப்பையின் இழுவையே வண்டியின் பின்சக்கரங்களை மண்ணில் அழுத்திப் பிடித்தது. ஆகவே லேசான வண்டியே கனத்த வண்டியின் வேலையைச் செய்தது.

1938-ல் ஹென்றி ஃபோர்டும் ஃபெர்குசனும் சேர்ந்து டிராக்டர் செய்வதென்று முடிவு செய்தார்கள். பத்திரம் கிடையாது, முத்திரைத்தாள் கிடையாது; கைகுலுக்கல்தான். நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் பேசுகிற பேச்சு மாதிரி. மறு வருஷமே வண்டி வெளிவந்தது. ஆனால் பெரிய ஃபோர்டு போய்ப் பேரன் பொறுப்புக்கு வந்ததும் கைப்பேச்சு செல்லாமல் போயிற்று. ஃபெர்குசன் வழக்குத் தொடுத்தார். 1952-ல் 92½ லட்சம் டாலர் கொடுத்து ஃபோர்டு கம்பெனியார் சமாதானம் செய்துகொண்டார்கள். இதற்கிடையே 1946 முதல் 1956 வரையில் இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கு மேல் சின்ன ஃபெர்குசன்கள் பிறந்துவிட்டன. எவரெஸ்ட் ஏறிய ஹில்லாரி 1958 ஜனவரியில் தென் துருவம் போய்ச் சேர்ந்தது இந்த வண்டிகளில்தான்.

ஃபெர்குசன் 1953-ல் கனடா நாட்டு மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்தார். அந்த மாஸி ஃபெர்குசன் வம்சம் சென்னைக்கு வந்தது 1960-ல். அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம் ‘டாஃபே’ கம்பெனியைத் தொடங்கியது. அதே குழுமத்தைச் சேர்ந்த சிம்ப்ஸன் கம்பெனி, 1840-ல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய ஸ்தாபனம், பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களை ஏற்கெனவே இங்கே செய்துகொண்டிருந்தது. வண்டி ஒரு தெருவில், அதன் இருதயம் அடுத்த தெருவில் என்பது போல ஆயிற்று. வடக்கே 1959-ல் ஃபரீதாபாத்தில் ஐஷர் டிராக்டரும், 1963-ல் பம்பாயில் இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனியும் வந்தன. பின்னால் சொன்னது பிற்பாடு மஹிந்திராவோடு கலந்தது. ஐஷர் டிராக்டர் தொழில் 2005-ல் டாஃபேயிடம் வந்து சேர்ந்தது.

ஆரம்பத்தில் உற்பத்தி போதவில்லை. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தப் பசியைத் தீர்க்க ருஷ்யாவிலிருந்தும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் டிராக்டர்கள் இறக்குமதியாயின. வண்டிகள் கெட்டவை அல்ல; பல இரும்பு மலைகள். ஆனால் இறக்குமதி நின்ற பிறகு ஒரு சின்ன வளையம் தேய்ந்தாலும் மாற்று வளையம் எங்கே? தாய் தகப்பன் அற்ற பிள்ளைகளாகப் பல வண்டிகள் மாட்டுக்கொட்டகையில் கோழி அடைகிற இடமாயின. உள்நாட்டில் பிறந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. சர்க்காருக்குச் சொந்தமான எச்.எம்.டி. டிராக்டர் தொழிற்சாலை நல்ல பெயர் எடுத்தது. 2016-ல் அதையும் மூடிவிட முடிவு செய்தார்கள்.

இனி ஜோலார்பேட்டைக் குடியானவரிடம் வருவோம். அவருக்கு டிராக்டர் ஏன் வேண்டும்? மாடு வளர்க்க மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. இளவட்டங்கள் ஆம்பூர், வாணியம்பாடிச் செருப்புத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அந்தத் தோல் தொழில் ஊருக்குச் சோறு போட்டது. பாலாற்றுக் கரையில் பல கிணறுகளை உப்பாக்கவும் செய்தது. 1996 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு இது பற்றிக் கடுமையான தீர்ப்பு அளித்து, கழிவைச் சுத்திகரிக்காத சாலைகள் நடக்கக் கூடாது என்றது. தண்ணீர் நம்பிக்கை குறைந்த இடத்தில் மழையைத்தான் நம்ப வேண்டும். மழை பெய்த இரண்டு நாளுக்குள் செம்மண்ணை உழுதாக வேண்டும். மூன்றாம் நாள் அது செங்கல். அந்த இரண்டு நாளில் ஊரில் உள்ள வாடகை டிராக்டர்கள் எல்லாம் பெரிய பண்ணைகளில் நிற்கும். சின்னக் குடியானவர் சாலையில் நிற்பார்.

ஆகவே சொந்த வண்டி. ஆனால் எப்படிப்பட்ட வண்டி? கணக்குப் போட்டுப் பாருங்கள். டிராக்டர் கட்டுப்படியாக வேண்டுமானால் வருஷத்துக்கு 1,000 மணி நேரம் வேலை வேண்டும், பாசனமுள்ள எட்டு ஏக்கராவது வேண்டும் என்பது வங்கிகள் நெடுங்காலம் வைத்திருந்த அளவுகோல். தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் சராசரி நிலமோ, 2015-16 கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நாலு ஏக்கர் வைத்திருப்பவர் சராசரிக்கு மேலே இருக்கிறவர். முப்பத்தைந்து குதிரைச் சக்தி வண்டி ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, போகத்துக்கு மூன்று உழவு, இரண்டு போகம் என்றால் அவருடைய வேலை 24 மணி. எருவடிப்பது, தேங்காய் ஏற்றுவது எல்லாம் சேர்த்தாலும் நூறு மணியை எட்டாது. மீதி நாளெல்லாம் வண்டி சும்மா நிற்கும். மாடு சும்மா நின்றால் வைக்கோல் தின்னும்; கடன் வாங்கிய புது டிராக்டர் சும்மா நின்றால் வட்டி தின்னும். சாணமும் போடாது!

இதனால்தான் சின்ன நிலத்துக்குப் பழைய வண்டி பொருத்தம் என்கிறேன். சும்மா நிற்கும்போது அது எதையும் தின்பதில்லை. ஆனால் அதனிடம் ஒரே ஒரு குணம் அவசியம்: மழை பெய்த மறுநாள் கூப்பிட்டால் எழுந்து வர வேண்டும். தேர்வு முழுவதும் இந்த ஒரு குணத்தைப் பற்றியதுதான்.

மாட்டுக்குப் பல் பார்த்தது போல் இதற்கும் பார்க்க வேண்டியவை உண்டு. விற்கிறவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடு பண்ணி வைத்திருப்பார்; தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் “நாளை வருகிறேன், அண்ணே” என்று திரும்பிவிட வேண்டும். குளிர்ந்த எஞ்சின் எழும்பும்போது விடும் புகை அதன் ஜாதகம். நீலப் புகை என்றால் உள்ளே எண்ணெய் எரிகிறது, தேய்மானம் அதிகம். எண்ணெய் அளக்கும் கம்பியில் காப்பி நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு வெற்றிலை போடுங்கள். வெற்றிலை முடிவதற்குள் கலப்பை தரையைத் தொட்டால், ஃபெர்குசன் கண்ட அந்தப் பெரிய சூட்சுமமே தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பின் டயர்களின் விலையைக் கடையில் கேட்டு, மனத்துக்குள் வண்டி விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் பழைய கடன் ரத்தாகியிருக்கிறதா, சேஸிஸ் நம்பர் ஒத்துப்போகிறதா என்பதும் முக்கியம். புதுப் பெயின்ட் பளபளத்தால் சந்தோஷப்படக் கூடாது. கிழவர் மீசைக்கு மை தீட்டுவது எதற்காக என்று நமக்குத் தெரியாதா?

இவை எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. விற்கிறவர் வீட்டுக்குப் போகுமுன் திருப்பத்தூரிலோ வாணியம்பாடியிலோ உள்ள பட்டறைக்குப் போக வேண்டும். “எந்த வண்டியை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவீர்கள்? எதன் உதிரி பாகம் உங்கள் அலமாரியில் இருக்கிறது?” என்று மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். அவர் மாஸி என்றால் மாஸி, மஹிந்திரா என்றால் மஹிந்திரா. பத்து வருஷம் இளைய வண்டியாக இருந்தாலும், அவர் தலையை ஆட்டினால் அது வேண்டாம். சரித்திரம் முழுவதும் நமக்குச் சொல்வது இதுதான். சங்கிலிச் சக்கர ராட்சதர்கள் போய்விட்டார்கள். இறக்குமதி அனாதைகள் துருப்பிடித்தார்கள். எந்த வண்டியைப் பழுது பார்க்கும் கை பக்கத்து ஊரில் வேர்விட்டதோ, அந்த வண்டியே இந்த மண்ணில் நிலைத்தது. சக்தியோ வயசோ அதைத் தீர்மானிக்கவில்லை.

இத்தனையும் பார்த்தபின், இரண்டு ஏக்கர் மட்டுமே உள்ளவர் தனியாக வாங்காமல் அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து வாங்கலாம். அல்லது வாங்காமலே இருக்கலாம். வண்டிக்காக நிலத்தை அடகு வைத்து, பிறகு வண்டி மட்டும் வாசலில் நிற்கிற வீடுகள் நாட்டில் இல்லாமல் இல்லை. உழுவதற்கு நிலம் இருக்கிறவரையில்தான் அது டிராக்டர். அப்புறம் அது வெறும் இரும்பு. எடை போட்டு வாங்கிப்போக ஆள் வருவான்.